ஒரே புயல், வேறு வேறு வீடு

ஐப்பசி பிறந்துவிட்டால் நாகப்பட்டினம், வேதாரண்யம், திருத்துறைப்பூண்டி பக்கத்து டீக்கடைகளில் மூன்று பேச்சுகள் தவறாமல் காதில் விழும். "பத்தாம் நம்பர் கூண்டு ஏத்திட்டாங்களாம், இந்தத் தடவை பெருசு." "போன வருஷமும் இப்படித்தான் சொன்னாங்க, ஒரு இலைகூட அசையலை." "கஜா புயலோட போச்சு, இனி முப்பது வருஷத்துக்கு நம்ம பக்கம் தலைவெச்சுப் படுக்காது." மூன்றையும் சொல்பவர்கள் விவரம் தெரியாதவர்கள் அல்ல. கடலையும் காற்றையும் நம்மைவிட நன்றாகப் படித்தவர்கள். ஆனாலும் மூன்று பேச்சிலும் பிழை இருக்கிறது, ஒவ்வொன்றிலும் வேறு பிழை. அவற்றை அவிழ்த்துப் பார்த்தால் புயலுக்கு ஒரு வீடு எப்படித் தயாராக வேண்டும் என்பது பாதி புரிந்துவிடும்.

கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறு

கொல்லையில் ஒரு பழைய கிணறு, கைப்பிடிச் சுவர் இல்லை. வீட்டில் வயதானவர்கள் மட்டும் இருக்கிறார்கள், யாரும் அந்தப் பக்கம் போவதில்லை. அதுவரை அது வெறும் கிணறுதான். கோடை விடுமுறைக்குப் பேரப்பிள்ளைகள் வந்து இறங்கிய அன்றைக்கு அதே கிணறு வீட்டுக்கே பயமாகிவிடுகிறது. கிணறு மாறவில்லை. அதன் பக்கத்தில் ஓடியாட ஆள் வந்திருக்கிறது, தடுக்கச் சுவர் இல்லை. அவ்வளவுதான்.

பேரிடர் பற்றிப் பேசுகிறவர்கள் இதைத்தான் மூன்றாகப் பிரிக்கிறார்கள். கிணறு போன்றது இடர்: புயல், வெள்ளம், கடல் பொங்குவது எல்லாம் இதில் அடங்கும். அதன் வழியில் ஆளோ வீடோ பயிரோ இருப்பது அகப்படல். அகப்பட்டது எவ்வளவு எளிதில் உடையும் என்பது நலிவு. இந்த மூன்றும் சேர்ந்தால் கிடைப்பது இடர்வாய்ப்பு, அதாவது நாம் இழக்கக்கூடியது எவ்வளவு, இழக்க வாய்ப்பு எவ்வளவு என்ற கணக்கு.

டீக்கடையில் பேசும்போது இந்த நான்கையும் "ஆபத்து" என்ற ஒரே சொல்லில் போட்டு மூடிவிடுகிறோம். அதனால் பேச்சு முழுக்கப் புயலைப் பற்றியே போகிறது: எத்தனை கிலோமீட்டர் வேகம், எங்கே கரையைக் கடக்கும், என்ன பெயர். அந்த மூன்றிலும் நம் கையில் எதுவும் இல்லை. கையில் இருப்பது கைப்பிடிச் சுவர் மட்டும்.

சுவருக்கு எவ்வளவு பலம் என்று பார்க்க ஒடிசாவைப் பாருங்கள். 1999 அக்டோபர் 29-ஆம் தேதி அங்கே தாக்கிய சூப்பர் புயலில் ஏறக்குறைய பத்தாயிரம் பேர் செத்தார்கள். 2013 அக்டோபரில் பைலின் புயல் அதே மாநிலத்தில் கோபால்பூர் அருகே, மணிக்கு 200 கி.மீ. அளவு வேகத்தோடு கரையேறியது. 1999 அளவுக்குக் கடுமை இல்லை என்றாலும் அதுவும் சாதாரணப் புயல் அல்ல. முன்கூட்டியே சுமார் பத்து லட்சம் பேரைக் கடலோரத்திலிருந்து அப்புறப்படுத்தியிருந்தார்கள். இறந்தவர்கள் ஐம்பதுக்கும் குறைவு. இடையில் வந்த பதினான்கு ஆண்டுகளில் வங்கக்கடல் சாதுவாகிவிடவில்லை. புயல் பாதுகாப்புக் கட்டடங்கள் எழும்பின, எச்சரிக்கை கிராமம்வரை போய்ச் சேர்ந்தது, சொன்னதும் கிளம்பும் பழக்கம் வந்தது.

இதுவரை: புயல் என்பது இடர் மட்டுமே. நீங்கள் அதன் வழியில் இருக்கிறீர்களா, உங்கள் வீடு எவ்வளவு தாங்கும் என்ற இரண்டையும் சேர்த்தால்தான் இடர்வாய்ப்பு.

காற்று: குடை திரும்புவது போல

கஜா 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. நாற்பதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. பட்டுக்கோட்டை, பேராவூரணி, வேதாரண்யம் பகுதிகளில் தென்னந்தோப்புகள் ஒரே இரவில் தரையோடு படுத்தன. காற்று இதை எப்படிச் செய்கிறது?

முதலில் வேகம். பைக்கில் போகும்போது மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் கையை வெளியே நீட்டிப் பாருங்கள், பிறகு 60-இல் நீட்டிப் பாருங்கள். வேகம் இரண்டு மடங்குதான், ஆனால் கையைத் தள்ளும் விசை நான்கு மடங்கு. 120 கி.மீ. காற்று 60 கி.மீ. காற்றைவிட "இரண்டு பங்கு மோசம்" என்று நினைத்தால் கணக்குத் தப்பு. வானிலை அறிக்கையில் "இடையிடையே" என்று ஒரு எண் கூடுதலாகச் சொல்வார்கள். முதல் எண் சராசரி, இரண்டாவது சட்டென்று வந்து மோதும் வீச்சு. மரத்தை முறிப்பது பெரும்பாலும் அந்த வீச்சுதான். வீட்டுக் கணக்குக்கு எப்போதும் இரண்டாவது எண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது கூரை. காற்று கூரையைத் தள்ளி விழவைக்கிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அது கூரையைத் தூக்குகிறது. மேலே வேகமாகப் பாயும் காற்று கூரையை மேல்நோக்கி இழுக்கும். காற்றடிக்கும் பக்கத்துக் கதவோ ஜன்னலோ பிய்த்துக்கொண்டால் உள்ளே புகுந்த காற்று கீழிருந்தும் தள்ளும். மழையில் குடை திரும்பிக்கொள்வது இப்படித்தான். ஆகவே தகர ஷீட்டின்மேல் கருங்கல்லை அடுக்கிவைப்பதில் பெரிய பலன் இல்லை. ஷீட் போகும்போது கல்லும் சேர்ந்து பறக்கும், அல்லது உள்ளே இருப்பவர் தலையில் விழும். கூரை எலும்புக்கூட்டோடும், அது சுவரோடும், சுவர் தரையோடும் கட்டுண்டிருக்க வேண்டும். கீற்றுக் கூரையின்மேல் பழைய மீன்வலையைப் போர்த்தி, நாலா பக்கமும் முளை அடித்து இழுத்துக் கட்டுவது கேலிக்குரிய வேலை அல்ல. குடையைத் திரும்பவிடாமல் பிடிப்பதற்கு அது நல்ல வழி.

மூன்றாவதாக, புயலின் கண். சுழலின் நடுவில் காற்று பெரிதும் அடங்கிய ஒரு வட்டம் இருக்கும், அதுதான் கண். அது உங்கள் ஊர்மேல் வரும்போது திடீரென்று அமைதியாகிவிடும். "விட்டுடுச்சு" என்று ஆட்கள் மாட்டைப் பார்க்கவும் ஷீட்டைப் பொறுக்கவும் வெளியே வருவார்கள். சற்று நேரத்தில் காற்று எதிர்த்திசையிலிருந்து, முதலில் இருந்த அதே கோபத்தோடு அடிக்கும். ஒரு பக்கமாக ஆட்டி வேர் தளர்ந்த மரத்தை மறுபக்கமாகத் தள்ளினால் நிற்குமா? அதுவும் மழையில் ஊறிய மண்ணில்? பருவமழைக் காலத்துப் புயல் தோப்புகளை வேரோடு சாய்ப்பதற்கு இந்த ஈர மண்ணும் ஒரு காரணம்.

கடலேற்றம்: தட்டில் ஊதிய டீ

சூடான டீயைத் தட்டில் ஊற்றி ஒரு பக்கமாகப் பலமாக ஊதுங்கள். எதிர்விளிம்பில் டீ ஏறி நிற்கும், இன்னும் ஊதினால் வழியும். புயல்காற்று பல மணி நேரம் கடலை இப்படி ஊதுகிறது. கரையோரம் ஆழம் குறைந்திருந்தால் தள்ளப்பட்ட நீர் கீழே போக வழியின்றி மேலே ஏறி ஊருக்குள் வருகிறது. இதுதான் கடலேற்றம். புயல் நடுவில் காற்றழுத்தம் குறைவாக இருப்பதால் கடல் சற்றே உப்பவும் செய்யும், ஆனால் அது சிறு பங்கு. பெரும் பங்கு காற்றுடையது.

செய்திகளில் வரும் "கடல் சீற்றம்" வேறு. அது அலைகள் உயரமாக எழுவது, வந்து அடித்துவிட்டுத் திரும்பும். கடலேற்றத்தில் கடல்மட்டமே உயர்ந்துவிடுகிறது, அந்த உயர்ந்த கடலின்மேல் அலைகளும் அடிக்கின்றன. 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்தது, பயணிகளோடு ஒரு ரயிலைக் கொண்டுபோனது, இப்படிப் பொங்கிய கடல்தான். ஒரு கன மீட்டர் தண்ணீர் ஆயிரம் கிலோ எடை. முழங்கால் ஆழ ஓட்டத்தில்கூடப் பெரியவர்கள் நிலைதடுமாறுவது அதனால்தான்.

புயல் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி கடலைத் தள்ளுவதில்லை. வங்கக்கடல் புயல் கடிகார முள்ளுக்கு எதிராகச் சுழலும். மேற்கு நோக்கிக் கரையேறும் புயலுக்கு வடக்கே இருக்கும் ஊர்களில் காற்று கடலிலிருந்து நிலத்துக்கு வீசும், அங்கேதான் நீர் ஏறும். தெற்கே காற்று நிலத்திலிருந்து கடலுக்கு வீசுவதால் கடல் உள்வாங்கவும் கூடும். ஆனால் நம் பகுதிக்கு ஒரு வில்லங்கம் உண்டு. கோடியக்கரையில் கரை செங்கோணமாகத் திரும்பி மேற்கே ஓடுகிறது. முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம் எல்லாம் தெற்கு பார்த்த கரைகள். புயல் கடந்து மேற்கே போனபிறகு பின்னால் வரும் தெற்கத்திக் காற்று ஆழமற்ற பாக் நீரிணையை அந்தக் கரைமேல் தள்ளும். "கரையைக் கடந்துவிட்டது" என்ற செய்தி வந்தபிறகும் அங்கே கடல் ஏறலாம். கஜாவின்போது வேதாரண்யம் பக்கத்துப் புஷ்பவனத்தில் கடல் சேற்றை வாரிக் கொண்டுவந்து வீடுகளிலும் நிலத்திலும் கொட்டிவிட்டுப் போனது. உப்பு இறங்கிய மண்ணில் அடுத்த பயிர் எப்போது என்பது தனிக் கவலை.

சுருக்கமாக: காற்றுக்குப் பதில் பலமான கூரையின்கீழ் ஒதுங்குவது. கடலேற்றத்துக்குப் பதில் அங்கிருந்து கிளம்புவது. தாழ்வான கடலோரத்தில் மாடி வீடாக இருந்தாலும் தண்ணீர் கேள்வி தனி.

கூண்டும் நிறமும் கோடும்

இப்போது முதல் டீக்கடைப் பேச்சுக்கு வருவோம். துறைமுகத்தில் ஏற்றும் புயல் எச்சரிக்கைக் கூண்டு கப்பலுக்கும் படகுக்கும் சொல்லப்படும் சேதி. பகலில் கொடிக்கம்பத்தில் தொங்கும் உருளையும் கூம்பும், இரவில் விளக்கும்தான் அதன் மொழி. பதினோரு எண்கள் உண்டு. 1, 2 என்றால் புயலோ தாழ்வு மண்டலமோ தூரக் கடலில் இருக்கிறது. 3, 4 உள்ளூர் எச்சரிக்கை. 5, 6, 7 அபாயம். 8, 9, 10 பெரும் அபாயம்.

பலருக்குத் தெரியாத சங்கதி இதுதான்: எட்டைவிடப் பத்து கடுமை என்று பொருள் இல்லை. மூன்றுமே ஒரே அளவு. எட்டு என்றால் புயல் துறைமுகத்தை இடப்பக்கம் விட்டுக் கடக்கும், ஒன்பது என்றால் வலப்பக்கம் விட்டுக் கடக்கும், பத்து என்றால் துறைமுகத்தின்மேலோ மிக அருகிலோ கடக்கும். 5, 6, 7-க்கும் இதே கணக்கு. பதினொன்றாம் எண் இன்னும் பெரிய புயல் என்று நினைத்தால் அதுவும் தவறு. எச்சரிக்கை மையத்தோடு தகவல் தொடர்பே அறுந்துவிட்டது, மோசமான வானிலை வருவதாக உள்ளூர் அதிகாரி கருதுகிறார் என்பதே அதன் பொருள். நாகப்பட்டினத்தில் எட்டு ஏற்றிவிட்டு வேறிடத்தில் பத்து ஏற்றினால் "நமக்கு ரெண்டு நம்பர் கம்மி" என்று ஆறுதல்பட எதுவும் இல்லை.

வீட்டுக்குப் பயன்படுவது வானிலை மையத்தின் நிறங்கள். மஞ்சள் என்றால் செய்தியைக் கவனித்துவாருங்கள். ஆரஞ்சு என்றால் தயாராகுங்கள். சிவப்பு என்றால் செயலில் இறங்குங்கள். சிவப்பு வந்த பிறகு மளிகைக் கடைக்கு ஓடுகிற வீடு ஆரஞ்சைத் தூங்கியே கழித்த வீடு. "ரெட் அலர்ட்னா ஸ்கூல் லீவு" என்பதைத் தாண்டி நிறங்களை நாம் படிக்கப் பழகவில்லை என்பது என் ஆதங்கம்.

இரண்டாவது பேச்சு, "சொன்னாங்க, வரலை". வரைபடத்தில் புயலின் பாதையைக் காட்ட ஒரு கூம்பு வரைந்திருப்பார்கள். அது புயலின் பருமன் அல்ல. நடுப்புள்ளி எங்கெல்லாம் போகக்கூடும் என்ற சந்தேகத்தின் அகலம். நாட்கள் தள்ளத் தள்ளச் சந்தேகம் கூடும், அதனால் கூம்பும் விரியும். கஜாவையே முதலில் கடலூருக்கும் ஸ்ரீஹரிகோட்டாவுக்கும் இடையே என்றார்கள், பிறகு கடலூருக்கும் பாம்பனுக்கும் இடையே என்று தெற்கே நகர்ந்தது. வடக்கே இருந்தவர்கள் "புஸ்ஸுன்னு போச்சு" என்றார்கள், தெற்கே தென்னந்தோப்பு போனது. கூம்புக்குள் நம் ஊர் இருந்து புயல் பக்கத்து ஊருக்குப் போனால் அறிவிப்பு பொய் ஆகிவிடாது.

"கரையைக் கடந்தது" என்பதும் அப்படித்தான். நடுப்புள்ளி கடந்தது என்று மட்டுமே அர்த்தம், புயலின் உடம்பு பல மணி நேரம் கழித்தே கடக்கும். கஜா உள்ளே புகுந்து புதுக்கோட்டை, திண்டுக்கல் வழியாகத் தமிழ்நாட்டைக் குறுக்கே தாண்டி அரபிக்கடல் போனது. கடலே பார்க்காத கிராமங்களில் மரமும் கம்பமும் சாய்ந்தன.

தாயக்கட்டைக்கு ஞாபகம் இல்லை

மூன்றாவது பேச்சு, "இனி முப்பது வருஷத்துக்கு வராது". நாகப்பட்டினம் 1952-லும் 1977-லும் பெரும் புயல் பார்த்த ஊர். அதை வைத்து இருபத்தைந்து வருஷத்துக்கு ஒருமுறை என்று முறை போட்டுக்கொள்கிறோம். தாயம் விழுந்த கையோடு அடுத்த உருட்டலிலும் தாயம் விழலாம். போன தடவை என்ன விழுந்தது என்பது கட்டைக்குத் தெரியாது.

"நூறாண்டுக்கு ஒருமுறை வரும் வெள்ளம்" என்று சொல்வதும் இதே குழப்பத்தைக் கிளப்புகிறது. அதன் பெயர் மீள்வரவுக் காலம். ஒவ்வொரு ஆண்டும் நூற்றில் ஒரு வாய்ப்பு என்பதே அதன் பொருள், வந்துவிட்டால் தொண்ணூற்றொன்பது ஆண்டு விடுமுறை என்பதல்ல. முப்பது வருஷம் ஒரே வீட்டில் இருந்தால் அப்படியொரு வெள்ளத்தை ஒருமுறையாவது பார்க்கும் வாய்ப்பு ஏறக்குறைய நான்கில் ஒன்று. கல்யாணம், படிப்பு, வீடு என்று எதற்கெல்லாமோ முன்கூட்டியே சீட்டுப் போட்டு வைக்கிறோம்.

வீட்டுக்கு இரண்டு கேள்வி

தயாரிப்பு என்றதும் டார்ச், தீப்பெட்டி, பிஸ்கட் என்று பட்டியல் நீளும். அதற்கு முன் இரண்டு கேள்விகளுக்குப் பதில் வேண்டும், அதுவும் வெயில் அடிக்கும் நாளிலேயே.

கடல் ஏறினாலோ ஆறு உடைத்தாலோ தண்ணீர் இங்கே வருமா? ஊர்ப் பெரியவர்களிடம் பழைய தண்ணீர் எந்தத் திண்ணைவரை வந்தது என்று கேளுங்கள். வரும் என்றால் ஆரஞ்சு நிறத்திலேயே முகாமுக்குப் போகும் முடிவை எடுத்துவிடுங்கள். கஜாவுக்கு முன்பே எண்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் முகாம்களுக்குப் போயிருந்தார்கள். போகாமல் இருந்திருந்தால் இறப்புக் கணக்கு வேறாக இருந்திருக்கும். இரண்டாவது கேள்வி: தண்ணீர் வராது, சரி, இந்தக் கூரை நிற்குமா? கீற்று, ஓடு, ஷீட் என்றால் எந்தக் கான்கிரீட் வீட்டில் அன்றிரவு படுப்பது என்று முன்பே பேசிவையுங்கள். பங்காளிச் சண்டையில் பேச்சுவார்த்தை இல்லாத வீடு பக்கத்தில் இருந்தால், பேசத் தொடங்க ஐப்பசி நல்ல மாதம்.

படுத்த படுக்கையாக இருப்பவர், நிறைமாதக் கர்ப்பிணி, டயாலிசிஸ் செய்துகொள்பவர் இருந்தால் அவர்கள்தான் முதலில் கிளம்ப வேண்டும். மரம் விழுந்த சாலையில் ஆம்புலன்ஸ் வராது. மாடு ஆடுகளைக் கட்டுத்தறியிலிருந்து அவிழ்த்துவிடுங்கள். தண்ணீரில் கட்டிய கயிறுதான் பல மாடுகளைக் கொல்கிறது.

புயலுக்கு மறுநாள்தான் புயல்

இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. கஜா அடித்தது சில மணி நேரம். சாய்ந்த மின்கம்பங்களை நிமிர்த்திக் கரண்டு வர சில கிராமங்களில் வாரக்கணக்கில் ஆனது. கரண்டு இல்லை என்றால் விளக்கு இல்லை என்று மட்டும் நினைக்கிறோம். போர் மோட்டார் ஓடாது, மேல்நிலைத் தொட்டி நிறையாது, அதனால் குடிக்கத் தண்ணீர் இல்லை. டவர் இல்லை, போன் இல்லை. ஏ.டி.எம். இல்லை, போனில் காசு அனுப்பவும் வழியில்லை.

ஆகவே முதல் பொருள் தண்ணீர். குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு ஒரு நாளைக்கு நாலு லிட்டர் என்று வைத்தால் ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு ஒரு வாரத்துக்கு 140 லிட்டர், அதாவது இருபது லிட்டர் கேன் ஏழு. மூன்று நாளுக்கு வைத்தால் போதும் என்று பொதுவாகச் சொல்வார்கள், இந்தப் பகுதி பார்த்ததை வைத்து நான் ஒரு வாரம் என்பேன். தெருவில் பழைய அடிபம்பு இருந்தால் மழைக்கு முன் வாஷர் மாற்றிவையுங்கள், அன்றைக்கு அதுதான் தெருவுக்கே குலதெய்வம். சில்லறை நோட்டாக ஆயிரம் இரண்டாயிரம் ரூபாய், பேட்டரி ரேடியோ, சார்ஜ் ஏற்றிய பவர் பேங்க், தினமும் சாப்பிடும் மாத்திரை பதினைந்து நாளுக்கு, நல்ல அரிவாளும் கயிறும். மரம் அறுக்கும் இயந்திரம் தெருவுக்கு ஒன்று இருந்தாலே பெரிய காரியம்.

காகிதங்கள் அடுத்து. ரேஷன் அட்டை, ஆதார், பட்டா, வங்கிப் புத்தகம், பிள்ளைகளின் சான்றிதழ் எல்லாவற்றையும் தண்ணீர் புகாத ஒரே உறையில் போட்டு, கிளம்பும்போது கையோடு எடுத்துக்கொள்ளும் இடத்தில் வையுங்கள். போனிலும் படம் எடுத்து ஊருக்கு வெளியே இருக்கும் ஓர் உறவினருக்கு அனுப்பிவிடுங்கள். புயலுக்கு முன்பே வீடு, தோப்பு, படகு, மாடு எல்லாவற்றையும் தேதியோடு படம் எடுத்துவைப்பது நல்லது. நிவாரணக் கணக்கெடுப்புக்கு வி.ஏ.ஓ. வரும்போது எத்தனை மரம் நின்றது என்பதற்கு விழுந்து கிடப்பவை மட்டும் சாட்சியாக இருக்க வேண்டியதில்லை. குத்தகைக்குச் சாகுபடி செய்கிறவர்கள் பயிர்க் காப்பீட்டுக்கான அடங்கலை, அதாவது நிலத்தில் என்ன பயிர், யார் சாகுபடி என்று காட்டும் கிராமக் கணக்கின் நகலை, முன்பே வாங்கிவிடுங்கள். பட்டா ஒருவர் பெயரிலும் உழைப்பு இன்னொருவர் பெயரிலும் இருக்கும் நிலத்தில் புயல் முடிந்து நடக்கும் வழக்கு புயலைவிட நீளம்.

காற்று ஓய்ந்தபின் அவசரப்பட்டு வெளியே இறங்க வேண்டாம். அறுந்து கிடக்கும் கம்பியில் கரண்டு இல்லை என்று நீங்களே முடிவு செய்யாதீர்கள், யாரோ ஒருவர் வீட்டு ஜெனரேட்டர் தவறாக இணைக்கப்பட்டிருந்தால் செத்த கம்பிக்கும் உயிர் வரும். தண்ணீர் புகுந்த வீட்டில் பாம்பு மேட்டிடம் தேடி அலமாரியிலும் பரணிலும் ஏறியிருக்கும், கைவிடும் முன் தடியால் தட்டிப் பாருங்கள். குடிநீரைக் கொதிக்கவைத்தே குடியுங்கள். மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077, போனில் மட்டுமல்லாமல் சுவரிலும் எழுதிவையுங்கள், போன் நனைந்துவிட்டால் பக்கத்து வீட்டுப் போனில் அடிக்க எண் தெரிய வேண்டுமே.

கடைசியாகத் தோப்புக்காரர்களுக்கு ஒன்று. புதுக்கன்று வைக்கும்போது வீட்டிலிருந்தும் மின்கம்பியிலிருந்தும் அந்த மரம் முழுதாக வளர்ந்தால் எவ்வளவு உயரம் வருமோ அவ்வளவு தூரம் தள்ளி வையுங்கள். நெட்டைத் தென்னை என்றால் அறுபது அடி என்று வைத்துக்கொள்ளலாம். இடம் இல்லை என்றால் வீட்டோரத்தில் குட்டை ரகம் போதும். கன்று இன்றைக்கு முழங்கால் உயரம்தான் இருக்கும், குழி வெட்டுகிறவர் சிரிக்கவும் செய்வார். நாடாவைப் பிடித்து அளந்தே வையுங்கள்.